எஃப்4 வைத்தால் ஈ5

அன்பு மகள் கயலுக்கு,

அடுத்த சதுரங்க ஆட்டத்தில் உன் எதிரே உட்காரப்போகிற பெரியவர் வெள்ளைக்காய் கிடைத்தால் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எஃப்4 தான் ஆடுவார், அதற்கு என்ன ஆடுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஈ5 ஆடும்மா. சிப்பாயைக் கொடுத்துவிடு.

எஃப்4-இல் தொடங்கும் ஆட்ட முறைக்குப் பேர்ட் ஓப்பனிங் என்று பெயர். ஹென்றி பேர்ட் உங்கள் இங்கிலாந்துக்காரர்தான், கணக்காளர். சில வருடம் ஆடாமல் இருந்துவிட்டுத் திரும்பியபோது பழகின ஓப்பனிங்குகள் மறந்துபோய், இதை ஆடத் தொடங்கியவர். இன்றும் இதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் ஆடுகிறார்கள். நீ படித்து வைத்திருப்பது எதுவும் உதவாத இடத்துக்கு உன்னை இழுத்துப்போய், அங்கே நிதானமாக ஆடப் பார்ப்பார்கள். டி5 ஆடினால் அவர் கேட்ட ஆட்டத்தையே கொடுத்தது போல ஆகும். தப்பில்லை, ஆனால் அவருக்கு அது பழகின வீடு.

ஈ5 அந்த நிதானத்தைப் பறித்துவிடும். டென்மார்க்கின் மார்ட்டின் ஃப்ரோம் பெயரால் இது ஃப்ரோம் காம்பிட், அதாவது சிப்பாயைக் கொடுத்துத் தாக்குகிற தொடக்கம். பெரியவர் ஈ5-இல் வெட்டுவார், நீ டி6. மறுபடி வெட்டுவார், நீ பிஷப்பால் வெட்டு. உனக்கு ஒரு சிப்பாய் குறைவு. பதிலுக்கு என்ன கிடைத்தது என்று பலகையைப் பார். எஃப் சிப்பாய் போனதால் வெள்ளை ராஜாவுக்கு ஹெச்4 பக்கத்து மூலைக்கோடு திறந்து கிடக்கிறது. உன் டி6 பிஷப்போ ஜி3-ஐ நேராகப் பார்க்கிறது. அவர் ஏமாந்து நான்காவதாக ராணிப் பக்கத்துக் குதிரையை சி3-க்கு எடுத்தால், ராணி ஹெச்4 செக். ஜி3 வைத்தால் பிஷப்பால் வெட்டி செக். ஹெச் சிப்பாயால் எடுத்தால் ராணி ஜி3-இல் மேட்.

ஆனால் இந்தப் பொறியை நம்பி உட்காராதே. எஃப்4-ஐ விடாமல் ஆடுகிறவர் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவராமல் இருக்கமாட்டார். ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. நீ ஜி5. அடுத்து ஜி4 தள்ளி, ஹெச்4-ஐக் காக்கும் அந்தக் குதிரையை விரட்டப்போகிறாய். இது ஜெர்மானிய ஆட்டக்காரர் எமானுவேல் லாஸ்கரின் வழி. உன் ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் நியூகாசிலில், 1892-இல், லாஸ்கர் இதை பேர்டுக்கு எதிராகவே ஆடினார். பேர்டுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது, லாஸ்கருக்கு 23. இரண்டு வருடத்தில் லாஸ்கர் உலக சாம்பியன்.

அந்த ஆட்டத்தில் பேர்ட் டி4, லாஸ்கர் ஜி4. குதிரை ஈ5-க்கு வந்தது. லாஸ்கர் பிஷப்பால் அதை வெட்ட, பேர்ட் டி சிப்பாயால் திரும்ப வெட்ட, ராணிகளையும் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ராணி போனபின் தாக்குதல் எங்கே என்று தோன்றும். வெள்ளை ராஜா டி1-இல் கோட்டை கட்ட முடியாமல் நிற்கிறார், ஈ5 சிப்பாயையும் காப்பாற்ற வேண்டும். கொடுத்த சிப்பாய்க்கு இதுவே விலை.

உன் ஆட்டத்தில் நீ ஜி4 தள்ளியதும் குதிரை ஈ5-க்குப் பதில் ஜி5-க்குப் போனால் எஃப்5 தள்ளு, அதற்குத் திரும்ப வழியில்லை. அவர் அதைப் பலி கொடுத்துவிட்டு ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவந்து செக் வைக்கக்கூடும். ராஜாவை எஃப்8-க்கு நகர்த்தி, பதறாமல் ஆடு.

கணினியைக் கேட்டால் வெள்ளைக்கே சாதகம் என்று சொல்லும். உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் உன் எதிரே உட்காரப்போகிறவர் கணினி இல்லை. கடிகாரம் ஓட ஓட, ஐந்தாவது நகர்விலேயே யோசிக்கத் தொடங்கும் ஒரு மனிதர்.

ஒன்று மட்டும் இன்றே பார்த்து வை. ஈ5-க்கு வெட்டாமல் அவர் ஈ4 வைத்துவிட்டால் அது கிங்ஸ் காம்பிட். அப்போது சிப்பாய் கொடுப்பவர் அவர், வாங்குவது நீ. அதற்கான வரிசைகளைத் தனியே எழுதி அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா