குதிரை ராட்டினத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள்

திருவிழாத் திடலில் ராட்டின ஏலம் விடும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. ஏல அறிவிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பெருந்தொகைக்கு ஏலம் எடுப்பவர் அதைத் திருவிழா முடிவதற்குள் மீட்டாக வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் கூட்டத்தை அள்ளி ஏற்றும் ராட்சத ராட்டினமும் கொலம்பஸ் கப்பல் ஊஞ்சலும் திடலின் நடுவைப் பிடித்துக்கொள்கின்றன. கையால் தள்ளும் குதிரை ராட்டினத்துக்குப் போன ஆண்டு கிடைத்தது கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு சந்து. அதிலும் "பெரியவர்கள் கம்பிக்கு வெளியே நில்லுங்கள்" என்று ஓர் அதட்டல். உள்ளே என் மூன்று வயதுப் பேத்தி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு சுற்றிலும் என் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தால் எந்தக் குழந்தைதான் அழாது?

அடுத்த மாதமே பக்கத்து ஊர்க் கோயில் கொடை விழாவில் ஒரு புண்ணியவான் என்னையும் ஏற்றிக்கொண்டார். காதில் சாயம் உதிர்ந்த மரக்குதிரையில் அவள். ஒட்டினாற்போல் இன்னொன்றில் நான். அவர் கம்பியைப் பிடித்துத் தள்ளியபடி நாலடி ஓடி, வேகம் பிடித்ததும் தாமும் தொற்றிக்கொண்டார். முதல் சுற்றுகளில் என் முந்தானை அவள் பிடியில் கசங்கியது. பிறகு ஒரு கை விட்டது. "எங்கே போகிறோம்?" என்றேன். "சித்தி வீட்டுக்கு" என்றாள். மறு சுற்றில் கேட்டால் பழனி. அதற்கடுத்த சுற்றில், "பாட்டி, உன் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று என்னையே அதட்டினாள். இறங்கியபோது எனக்குத்தான் தலை சுற்றியது. அவளோ மறுபடி என்றாள். மூட்டுவலிக்காரி நானும் மறுபடி ஏறினேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினம் சுற்ற, தாம் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே களிக்க ஓரிடம் வேண்டும் என்று தமக்குத் தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அப்படி அவர் அமைத்த டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா 1955இல் திறந்தது. அவருக்காவது பெஞ்சு இருந்தது. நம் திடலில் அதுவும் கிடையாது.

நான் கேட்பது டிஸ்னிலேண்ட் அல்ல. ஏல நிபந்தனையில் ஒரு பத்தி சேருங்கள்: கையால் சுற்றும் குதிரை ராட்டினம் ஒன்றுக்குத் தரை வாடகை வேண்டாம், அதன் இடம் ஜெனரேட்டருக்கு எட்டத்தில், சிறு குழந்தையோடு ஒரு பெரியவர் ஏறலாம். பாதுகாப்பு என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. பொறியாளர் சான்று தரும்போதே பெரியவர் எடையையும் சேர்த்துப் பார்க்கட்டும். எடை ஒரு பக்கம் சாயாமல் எங்களை எதிரெதிரே உட்கார வையுங்கள். இரண்டு வரிசைக் குதிரைகள் இருந்தால் சின்னஞ்சிறுசுகளுக்கு உள்வரிசை. அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் குதிரைக்கு வேகமும் இரண்டு மடங்கு.

பெரியவருக்கும் டிக்கெட் என்றால் அதையும் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேத்தியின் பக்கத்துக் குதிரைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பாட்டி