அறிக்கையின் கடைசிச் சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் சில போதனைகளை ஏற்காதவர் கத்தோலிக்கராவது தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்வது என்று சென்ற இதழின் கட்டுரை முடிவு கட்டியிருந்தது. சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து, ஐம்பது வயதுக்கு மேல் கத்தோலிக்கத்தில் சேர்ந்தவள் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

என்னைப் போன்றோருக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானமே செல்லும். விசுவாச அறிக்கைக்குப் பின், கடவுளால் வெளிப்படுத்தப்பட்டவை எனத் திருச்சபை நம்பி, கற்பித்து, அறிவிக்கும் அனைத்தையும் ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். ‘கடவுளால் வெளிப்படுத்தப்பட்டவை’ என்ற சொற்களைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. போதனைகள் அனைத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. உண்மைகளுக்குள் ஒரு படிவரிசை உண்டென்று 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே, கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டில் கூறியிருக்கிறது. அதே நாளில் வெளியான திருச்சபை பற்றிய ஏடு, இறுதியாக வரையறுக்கப்படாத போதனைக்கும் அறிவாலும் மனத்தாலும் பணியுமாறு கேட்பதால், பிடித்ததை எடுத்துப் பிடிக்காததைத் தள்ளலாம் என்று நான் வாதாட வரவில்லை.

இரண்டு பிள்ளைகளுக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவள் நான். செயற்கைக் கருத்தடையை விலக்கிய, திருத்தந்தையின் (போப்பின்) 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடலைப் படித்தேன். அதற்கு முன் கூடிய ஆணையத்தில் பெரும்பான்மையோர் மாற்றத்தை ஆதரித்ததையும் அறிந்தேன். மடலின் வாதம் இன்றும் என்னை இணங்க வைக்கவில்லை. இதைப் பங்குத்தந்தையிடம் மறைக்காமல் சொன்னபோது, அவர் கோபிக்கவில்லை, அவசரப்படவுமில்லை. இன்னும் ஓராண்டு மறைக்கல்விக்கு வாருங்கள் என்றார்.

பெண்களின் குருத்துவம் இதைவிடக் கடினமானது. என் பழைய திருச்சபையில் பெண் குருமார் திருவிருந்து நடத்தப் பார்த்துப் பழகியவள் நான்; 2013இல் அதன் நந்தியால் மறைமாவட்டத்தில் ஒரு பெண்ணே பேராயரானார். (நாங்கள் பேராயர் என்பவரைக் கத்தோலிக்கர் ஆயர் என்பார்கள், எனக்கு இன்னும் நாக்கு தடுமாறுகிறது.) ஆனால் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை, இது எல்லோரும் உறுதியாகக் கொள்ள வேண்டிய முடிவு என்று 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்துவிட்டார். இங்கே படிவரிசையைக் காட்டி நான் தப்ப முடியாது. அந்த முடிவுக்கு எதிராக யாருக்கும் போதிப்பதில்லை; புரிந்துவிட்டதாக நடிப்பதும் இல்லை.

என் நிலையில் இருப்பவர்கள் கர்தினால் நியூமனைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். 1845இல் ஆங்கிலிக்கத்தை விட்டு வந்த அவர், 1870இல் திருத்தந்தையின் தவறா வரம் (விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அவர் இறுதியாக வரையறுப்பது தவறாது என்ற கோட்பாடு) வரையறுக்கப்பட்டபோது, அதற்கு அது உரிய காலமல்ல என்று கருதினார் என்பது உண்மை. ஆனால் அக்கோட்பாட்டை அவர் மறுக்கவில்லை. விருந்தில் வாழ்த்திக் குடிப்பதானால் முதல் வாழ்த்து மனச்சான்றுக்கு, அடுத்தது திருத்தந்தைக்கு என்று 1875இல் அவர் எழுதியதிலும், மனச்சான்று என்றது உள்ளிருந்து பேசும் கடவுளின் குரலையே. நம் விருப்பு வெறுப்பை அல்ல. ஆகவே அவர் என் கட்சிக்காரர் அல்லர்.

பின் ஏன் சேர்ந்தேன்? நற்கருணைக்காக. அப்பத்தில் ஆண்டவர் மெய்யாகவே இருக்கிறார் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. அது வந்தபின் வெளியே நிற்பதுதான் எனக்குப் பொய்யாக இருந்திருக்கும். அந்த ஓராண்டு முழுவதும் ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் போய், மற்றவர்கள் நற்கருணை வாங்க வரிசையில் எழுந்து செல்லும்போது இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை