மூட்டு ஊசித் துண்டுப்பிரசுரத்தில் இல்லாத விபரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு துண்டுப்பிரசுரம் பற்றியது இக்கடிதம். சத்திரசிகிச்சை இல்லாமலே முழங்கால் மூட்டு மீள வளரும், ஊசி போதும் என்றது அது. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் பிடித்துக்கொண்டு எழும்பும் பெண்கள் பலர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு 67 வயது. மூதூரிலும் தம்பலகாமத்திலும் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள். எக்ஸ்ரேயின்படி என் வலது முழங்காலில் தேய்வு நான்காம் நிலை. இடதில் இரண்டாம் நிலை. நான்குதான் கடைசி நிலை: எலும்புகளுக்கு இடையே இடைவெளி ஏறக்குறைய இல்லை. துண்டுப்பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் என் வயதைக் கேட்டார், வரக்கூடிய நாளைக் கேட்டார். எக்ஸ்ரே உண்டா என்று கேட்கவேயில்லை. இரண்டு காலுக்கும் மூன்று மூன்று ஊசி என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். தொகையைக் கேட்டபோது என் ஓய்வூதியம் கண்முன் வந்து போனது.

பி.ஆர்.பி. எனப்படும் இந்த ஊசியில் மர்மம் ஒன்றுமில்லை. நம் கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் ஏற்றுகிறார்கள். சிலருக்குச் சில மாதங்கள் வலி தணிந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூட்டு வளர்கிறதா? அவுஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021 இல் வெளியானது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஓராண்டின் பின் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. (அந்த உப்புநீருக்கு இந்த விலை கேட்டிருந்தால் கடலோரத்தவர்களாகிய நாங்கள் ஒரு சதமும் கொடுத்திருக்கமாட்டோம்.) அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மிதமான தேய்வு உள்ளவர்கள்தாம், என் வலது காலைப் போன்றவர்கள் அல்லர். இன்னும் அதிக விலைக்கு விற்கப்படும் குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசியும், அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், சாதாரண ஸ்டீரொய்ட் ஊசியை ஓராண்டு முடிவில் வெல்லவில்லை. முழங்கால் தேய்வுக்கு பி.ஆர்.பி., குருத்தணு ஊசி இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் சங்கம் 2019 இலேயே அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

அதற்காக மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்குக் கொடி பிடிக்கவும் நான் வரவில்லை. முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 அளவில் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. என் வயதுக்கு அது தாராளம். ஆனால் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவரளவில் முழுத் திருப்தி அடைவதில்லை. கிருமித்தொற்றும் இரத்தம் உறைதலும் அரிது, ஆனால் வந்தால் பெருந்துன்பம். அதன் பிறகு முழந்தாளிடுவது பலருக்குச் சங்கடம். பத்திரகாளி அம்மன் கோயிலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பதை மறக்க வேண்டும். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை மருமகளிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவதில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

வலது காலுக்குச் சத்திரசிகிச்சை என்று முடிவெடுத்திருக்கிறேன். நீரிழிவு முதலில் கட்டுக்குள் வர வேண்டும் என்று வைத்திய நிபுணர் சொல்லியிருக்கிறார். இடது காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும். 2015 இல் வெளியான டென்மார்க் ஆய்வில், சத்திரசிகிச்சை செய்தவர்களே கூடுதல் பயன் கண்டார்கள். எனினும் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு போன்றவற்றை மட்டும் பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்த ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சையை நாடவில்லை. பயிற்சிக்குத் துண்டுப்பிரசுரம் அச்சிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் அவர்களே, விளம்பரம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நிலைத் தேய்வுக்கு, என்ன விலைக்கு, எத்தனை மாத நிவாரணத்துக்கு என்ற மூன்று விபரமும் இல்லாத துண்டுப்பிரசுரத்தைப் பத்திரிகைக்குள் வைக்க மறுக்கலாம். அத்தோடு, அரசாங்க வைத்தியசாலையில் மூட்டு மாற்றக் காத்திருக்கும் காலம் எவ்வளவு, செயற்கை மூட்டுக்கு யார் பணம் கொடுப்பது, கொழும்பிலோ கண்டியிலோ செய்துகொண்டு திருகோணமலைக்குத் திரும்பியவர்களுக்கு இயன்மருத்துவம் எங்கே கிடைக்கும் என்பவற்றை என்பியல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.