சொந்த ஊரைக் கேட்டீர்கள், வேலையைக் கேட்கவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பேப்பரை வாங்கி பெஞ்சில் போட்டுவிடுவேன், காத்திருப்பவர்கள் புரட்டுவார்கள், அப்புறம் அதை வைத்து என்னையே கேள்வி கேட்பார்கள். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பிய சமயம், லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஆர்.சி. புக்கை நீட்டிக்கொண்டே, "ஏன் தம்பி, சூரியன்கிட்ட போனா உருகிடாதா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பேப்பரில் தேடினேன். எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் யார் வாழ்த்தினார்கள் என்பதெல்லாம் இருந்தது, உருகுமா உருகாதா என்பது மட்டும் இல்லை.

பதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆதித்யா போய் நின்றது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில். நூறு அடிக்கு அப்பால் எரிகிற அடுப்பைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்த மாதிரிதான். இதை ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அண்ணன் டீக்கடை முழுக்கச் சொல்லியிருப்பார். இன்னொருவர் "கரோனாவை ஆராயும் ஆதித்யா" என்பதைப் படித்துவிட்டு "அங்கேயும் போயிருச்சா?" என்று கேட்டார். சிரிக்காதீர்கள், சூரியனைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டத்துக்கும் அதே பெயர்தான் என்று அவருக்கு யார் சொன்னது?

அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். அவர் படித்த பள்ளி, சொந்த ஊர், குடும்பம் எல்லாவற்றையும் செய்திகளில் படித்தோம். தப்பில்லை, எனக்கும் பெருமைதான். ஆனால் அத்தனை வருஷ வேலையில் அவரைத் தூங்கவிடாத சிக்கல் எது, எதை ஒருமுறை செய்து சரிவராமல் மறுபடி செய்தார்கள் என்று நான் படித்த எதிலும் யாரும் கேட்கவில்லை.

கேட்டால் சொல்கிறார்கள் சார். மகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சூரியனின் படத்தில் ஒரு கரும்புள்ளியைக் காட்டி, "இதுக்குள்ள நம்ம பூமியைப் போட்டாலும் இடம் மிஞ்சும் பாப்பா" என்றார். அது உண்மையில் கறுப்பில்லையாம், சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடு குறைச்சல், அதனால்தான் அப்படித் தெரிகிறதாம். 1876-77 பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுக்க மக்கள் செத்து விழுந்த பிறகுதான், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்து, கடைசியில் 1899-இல் அந்த ஆய்வகம் மலைக்கு வந்தது என்றும் சொன்னார். நான் பிறந்து வளர்ந்தது மலையடிவாரத்தில், இது எனக்குத் தெரியாது! 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள், மேகம் மூடினால் அன்றைக்குப் போச்சு, விலகுமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான் என்றார். வீட்டுக்கு வந்து மகள் அம்மாவிடம் சொன்னது வருஷக் கணக்கை இல்லை, அந்த அண்ணாந்து பார்த்து நிற்பதைத்தான்.

இத்தனைக்கும் ஆதித்யாவில் இருக்கும் கரோனாவைப் பார்க்கும் கருவியைச் செய்ததும் கொடைக்கானலை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். நடுவில் இருக்கும் சூரிய வட்டத்தின் வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டு ஓரத்து மங்கல் ஒளியை மட்டும் பார்க்கும் கருவி அது. ராத்திரி காட் ரோட்டில் எதிர் பஸ்ஸின் ஹெட்லைட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்தைப் பார்ப்போமே, அப்படி. லாரி அண்ணனுக்கு இதைச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

அதனால் கேட்கிறேன், வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஓர் ஆராய்ச்சியாளரை உட்காரவைத்துப் பேசுங்கள், பேச்சாகவே அச்சிடுங்கள். ஆடுதுறையில் நெல் ரகம் உருவாக்குபவர், பரங்கிப்பேட்டையில் கடல் உயிர்களை ஆராய்பவர் என்று ஆளா இல்லை? ஏடிடி 43 என்று விவசாயிக்கு எண் தெரியும், அதன் பின்னால் யார் எத்தனை போகம் வயலில் நின்றார் என்பது தெரியாது. கேள்வி கேட்கும் நிருபர் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை, புரியாதபோது "புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கக் கூச்சப்படாமல் இருந்தால் போதும். விஞ்ஞானிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, தமிழில் சொல்லுங்கள் என்றால் சிலர் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கே நிறுத்திக் கேட்கத்தான் நிருபர்.

முதல் வாரத்துக்கு லாரி அண்ணனின் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, அதைவிட்டு விலகி இருக்கும் கரோனா 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பைவிட்டுத் தள்ளிப்போனால் சூடு ஏறுமா? விஞ்ஞானிகளுக்கே இது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லையாம். பரவாயில்லை, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வத்தலக்குண்டு.