மானர் பெயர் போட்ட நீல உடுப்பு

ஸ்காபரோ
12.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். உங்கள் எல்லாற்ரை நலத்துக்கும் நல்லூரானை வேண்டுறன். உங்கட கடிதம் ஆவணியிலையே வந்திட்டுது. போனிலை எவ்வளவு கதைச்சாலும் கடுதாசி வந்தால்தான் அம்மாவுக்கு மனம் ஆறும் எண்டு எழுதியிருந்தியள். இதை அம்மாவுக்கு ஆறுதலா வாசிச்சுக் காட்டுங்கோ. ஹொக்கிக் கதை வாற இடத்திலை நித்திரை வந்தால் விடுங்கோ, அது மூத்தவனுக்கு எழுதினது. காணி விசயம் கடைசியிலை இருக்கு.

மூத்தவன் கேட்டானாம், சித்தப்பா படத்திலை போட்டிருக்கிற நீல உடுப்பு வேலைத்தல யூனிபோமோ, 16 எண்டது சித்தப்பான்ரை நம்பரோ எண்டு. இல்லை ராசா. அது ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் எண்ட ஐஸ் ஹொக்கி ரீமின்ர உடுப்பு. 16 மிற்ச் மானரின்ர இலக்கம். இஞ்சை பக்கத்திலை மார்க்கத்திலை பிறந்த பெடியன், சின்னனிலையிருந்தே இந்த ரீமின்ர ரசிகன். 2015 இலை ரீம் அவனை எடுத்தது. ஒன்பது சீசன் விளையாடிப்போட்டு, இந்த வருசம் ஆனி முடியிற நேரம் வேகஸ் ரீமுக்குப் போட்டான். எட்டு வருச ஒப்பந்தம், வருசத்துக்கு 1.2 கோடி டொலர். அவன் போன கோவத்திலை என்னோடை வேலை செய்யிற ஒருத்தர் உந்த உடுப்பைக் குப்பையிலை போடப் போனார், நான் கேட்டு எடுத்திட்டன். புதுசு வேண்டுறதெண்டால் ஒரு கிழமைச் சாமான் காசு. துணி நல்ல மொத்தம். உள்ளுக்கு ஒரு சுவெற்றர் போட்டால் கார்த்திகை மட்டும் வேறை கோட் தேவையில்லை.

ஏன் ஒரு மனிசன் நல்ல உடுப்பைக் குப்பையிலை போடவேணும் எண்டு அவன் கேப்பான். அதுக்கு முதல் விளையாட்டு விளங்கவேணும்.

எங்கட பள்ளிக்கூடத்து ஹொக்கியை மறக்கச் சொல்லுங்கோ. இது 200 அடி நீளம், 85 அடி அகல ஐஸ் தளம். சுத்திவர தடுப்புப் பலகையும் கண்ணாடியும். பந்து இல்லை, கறுத்த ரப்பர் வட்டு, பக் எண்டு பேர். மூண்டு அங்குலக் குறுக்களவு, ஒரு அங்குல மொத்தம், ஆறு அவுன்ஸ் வரை நிறை. மச்சுக்கு முதல் அதைக் குளிரிலை வைச்சு உறையவிடுவினம், இல்லாட்டி ரப்பர் துள்ளும். பக்கத்துக்கு ஐஞ்சு பேரும், கோல் காக்கிற ஒருத்தனும், அவனைக் கோலி எண்டு சொல்லுவினம். 20 நிமிசப்படி மூண்டு பகுதி. ஆனால் ஆரும் தொடர்ந்து ஓடேலாது. 45 செக்கன், கூடினால் ஒரு நிமிசம், அதுக்குள்ளை மூச்சு முட்டிப்போகும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்கையே மதில் தாண்டி ஆள் மாறுவினம். மாறுறதிலை பிந்தினால் களைச்சுப்போன ஐஞ்சு பேரைப் புதுசா வந்த ஐஞ்சு பேர் பிடிச்சுக்கொள்ளுவினம். கோல் விழுறதிலை கனக்க அப்பிடித்தான் விழுறது. புதுசாப் பாக்கிற எங்கட ஆக்கள் பக்கைத்தான் தேடுவினம். பக்கைப் பாத்தால் ஒண்டும் விளங்காது, ஆள் மாறுறதைப் பாக்கவேணும்.

குற்றம் செய்தவனை இரண்டு நிமிசம் பெட்டிக்குள்ளை இருத்திவிடுவினம். அந்த நேரம் மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் கூட. அதுக்குப் பவர் பிளே எண்டு பேர். இதைக் கவனமா ஞாபகம் வைக்கச் சொல்லுங்கோ, இஞ்சை ரசிகர் பிடிக்கிற சண்டையிலை பாதி இதாலைதான்.

லீஃப்ஸ் 13 தரம் ஸ்ரான்லி கிண்ணம், எண்டால் இந்த லீக்கின்ர சம்பியன் கிண்ணம், வெண்ட ரீம். ஆனால் கடைசியா வெண்டது 1967 இலை. அண்டைக்கு லீக்கிலை ஆறே ஆறு ரீம், இண்டைக்கு 32. 67க்குப் பிறகு இறுதிச் சுற்றையே காணேல்லை. ஐப்பசியிலையிருந்து சித்திரை வரை 82 மச், அதிலை முன்னுக்கு வாற 16 ரீம் பிளேஓஃப். அங்கை ஏழு மச்சிலை முதல் நாலு வெல்லுறவன் அடுத்த சுற்றுக்குப் போவான். அப்பிடி நாலு சுற்று. சித்திரையிலை இஞ்சை கார் ஜன்னல் எல்லாம் நீலக் கொடி. வைகாசி பிறந்து கொஞ்ச நாளிலை கொடியெல்லாம் கழண்டிடும்.

எங்கட பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முந்தி எழுதினனான், கராஜுக்குள்ளை கதிரை போட்டு, கதவைத் திறந்துவிட்டு, றேடியோவிலை மச் கேக்கிறவர். மைனஸ் பத்திலையும் கதவு திறந்துதான் கிடக்கும். 67 இலை அவர் சின்னப் பெடியன். அவரைக் கேட்டால் எல்லாப் பிழையும் 1993 இலை துவங்கினது. லொஸ் ஏஞ்சல்ஸோடை ஆறாவது மச், மேலதிக நேரம். அவையின்ர பெரிய ஆட்டக்காரன் கிறெற்ஸ்கியின்ர மட்டை எங்கட கில்மரின்ர நாடியிலை பட்டு ரத்தம். நடுவர் கெரி ஃபிறேசர் குற்றம் குடுக்கேல்லை. பெட்டிக்குள்ளை இருந்திருக்கவேண்டிய கிறெற்ஸ்கியே கொஞ்ச நேரத்திலை கோல் அடிச்சார். ஏழாவது மச்சிலை பிறகு அவரே மூண்டு கோல், நாங்கள் 5-4 தோல்வி. அண்டைக்கு வெண்டிருந்தால் இறுதிச் சுற்றிலை மொன்றியலோடை. கிழவர் நடுவரின்ர பேரை முழுசாச் சொல்லித்தான் திட்டுவார். ஆனால் பொஸ்ரன் எண்ட பேர் மட்டும் அவற்றை வாயிலை வராது. 'அந்த ஊர்' எண்டு கையைக் காட்டுவார்.

மேல்வீட்டிலை இருக்கிற வீட்டுக்காரருக்கு 'அந்த ஊர்' தான் முழுக் கதையும். 2006 இலை ரூக்கா றாஸ்க் எண்ட இளம் கோலியைப் பொஸ்ரனுக்குக் குடுத்துப்போட்டு அண்ட்றூ றேக்றொவ்ற் எண்டவரை வேண்டினவை. 2013 ஏழாவது மச்சிலை, பொஸ்ரன்ரை அரங்கிலை, மூண்டாம் பகுதியிலை லீஃப்ஸ் 4-1 முன்னுக்கு. முதலிலை ஒரு கோல் அடிச்ச பொஸ்ரன், கடைசி ஒண்டரை நிமிசத்துக்குள்ளை கோலியை வெளியிலை எடுத்து ஆறாவது ஆளை இறக்கி இரண்டு கோல் அடிச்சுச் சமப்படுத்திப்போட்டுது. மேலதிக நேரத்திலை 5-4. மற்றக் கரையிலை கோலுக்குள்ளை நிண்டது அதே றாஸ்க். 2018 இலையும் 2019 இலையும் ஏழாவது மச்சிலை பொஸ்ரனிட்டைத் தோக்கேக்கையும் அவர்தான். உந்தக் கதையை வீட்டுக்காரர் வாடகை வேண்ட வரேக்கையும் சொல்லுவார். எனக்கு நல்லது, கதை முடிய வாடகைக் கதை சுருங்கிப்போகும்.

வேலைத்தலத்திலை நிக்கிறவை கட்றிக் கட்சி. நஸீம் கட்றி நல்ல ஆட்டக்காரன், ஆனால் 2018, 2019 இரண்டு தரமும் பொஸ்ரன் தொடரிலை முறைகேடா அடிச்சுத் தடை வாங்கினவன். பொறுமை கெட்டு அவனைக் கொலறாடோவுக்கு அனுப்பினவை. 2022 இலை அவன் அங்கை கிண்ணம் தூக்கினான். எறிஞ்சவனெல்லாம் வேறை இடத்திலை வெல்லுறான், மானரும் வெல்லுவான் எண்டு அவையள் இப்பவே நிக்கினம்.

இன்னொரு கூட்டம் சம்பளக் கணக்குக் கூட்டம். மூத்தவன் கணக்கிலை கெட்டிக்காரன் எண்டதாலை இதை எழுதுறன். ஒரு ரீம் ஆட்டக்காரருக்கு வருசத்துக்கு இவ்வளவுக்கு மேலை குடுக்கேலாது எண்டு லீக்கிலை உச்சவரம்பு. 2019 இலை அது 8.15 கோடி டொலர். லீஃப்ஸ் மத்யூஸ், ரவாரெஸ், மானர், நைலாண்டர் நாலு பேருக்கே 4 கோடிக்கு மேலை குடுத்திட்டுது. மிச்ச 19 பேருக்கு மற்றப் பாதி. வரம்பு வருசா வருசம் ஏறும் எண்ட நம்பிக்கையிலை போட்ட கணக்கு. கொரோனா வந்து அரங்கு காலியாக, மூண்டு சீசனுக்கு வரம்பு ஒரு சதம் ஏறேல்லை. அப்ப பின்னுக்கு நிக்கிற தடுப்பாட்டக்காரரையும் மூண்டாம் நாலாம் வரிசை ஆக்களையும் மலிவிலைதானே பொறுக்கவேணும். பிளேஓஃபிலை தொடரை இழுத்து முடிக்கிறது அந்த வரிசையள்தான்.

இவ்வளவும் கேட்டுப்போட்டு நான் சொல்லுறது வேறை. கோலியைத் திட்டுறவையும் நடுவரைத் திட்டுறவையும் ஏழாவது மச்சுகளின்ர எண்ணிக்கையை எடுத்துப் பாக்கவேணும். 2019 பொஸ்ரனோடை 5-1. 2021 மொன்றியலோடை 3-1, அதுவும் தொடரிலை 3-1 முன்னுக்கு நிண்டுபோட்டு. 2022 ரம்பாவோடை 2-1. 2024 திரும்பவும் பொஸ்ரன், மேலதிக நேரத்திலை 2-1. இந்த வருசம் புளோரிடாவோடை 6-1. ஐஞ்சு மச்சிலையும் லீஃப்ஸ் அடிச்சது ஒவ்வொரு கோல். நடுவிலை 2020 இலை கொலம்பஸோடை நடந்த ஐஞ்சாவது மச்சிலை அதுவும் இல்லை, 3-0. ஒரு கோலோடை எந்தக் கோலியாலை வெல்லேலும்? 2024 தொடரிலை 21 பவர் பிளே கிடைச்சு ஒண்டுதான் உள்ளுக்குப் போனது. அந்த சீசன் மத்யூஸ் 69 கோல் அடிச்சவன் எண்டதை மறக்கவேண்டாம்.

காரணம் பெரிய மாயம் இல்லை. ஒரே எதிரியோடை ஏழு மச் விளையாடினால் ஆறாவது மச்சுக்குள்ளை உன்ரை பவர் பிளே எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு அவன் பாடமாக்கிப்போடுவான். மானர் பக்கை வைச்சுக்கொண்டு வழி பாப்பான், எதிரி வழியை மட்டும் அடைச்சுப்போட்டு நிப்பான். பிளேஓஃபிலை நடுவரும் சின்னக் குற்றங்களைக் கண்டும் காணாமல் விடுவினம். அப்ப கோல் வாற இடம் ஒண்டுதான், கோலிக்கு முன்னாலை இருக்கிற அந்த நாலைஞ்சு அடி. அங்கை போய் முதுகிலை அடி வாங்கிக்கொண்டு, கோலியின்ர கண்ணை மறைச்சு நிக்க ஆள் வேணும். அழகா விளையாடுற ரீமுக்கு அதுதான் கஷ்டம். நாலு பேரும் சுத்தி நிண்டு பாஸ் குடுத்து, நல்ல வாய்ப்பு வரட்டும், வரட்டும் எண்டு இருக்க ஒரு நிமிசம் ஐம்பது செக்கன் போயிடும்.

இந்த வருசம் புளோரிடாவை முதல் இரண்டு மச்சும் வெண்டவை. அந்த இரண்டு நாளும் வேலைத்தலத்திலை கத்திப் பேசின சூப்பர்வைசர்கூடச் சிரிச்சார். பிறகு சொந்த அரங்கிலை ஐஞ்சாவதும் 6-1, ஏழாவதும் 6-1. சனம் உடுப்பைக் கழட்டி ஐஸிலை எறிஞ்சுது. புளோரிடா அதுக்குப் பிறகு கிண்ணத்தையே கொண்டு போட்டுது எண்டு சொல்லி ஆறுதல் படுத்தினால் இன்னும் கோவம் வரும், சொல்லக்கூடாது.

ஒரு பகிடி. 2020 மாசியிலை கரோலைனா ரீமின்ர இரண்டு கோலியும் காயப்பட, அவசரத்துக்கு வைச்சிருந்த டேவிட் அயர்ஸ் எண்ட 42 வயசு மனிசனை இறக்கினவை. ஐஸ் மட்டமாக்கிற வண்டி ஓட்டினவர். அவர் நிண்டு, லீஃப்ஸ் தங்கட அரங்கிலையே 6-3 தோத்தது. கிழவர் மட்டும் இதுக்குச் சிரிப்பார். மற்றவைக்கு முன்னாலை எடுக்கேலாது.

இவ்வளவு தோத்தும் ஒருத்தரும் ரீமை மாத்தினதை நான் காணேல்லை. அரங்கிலை ஒரு கதிரையும் காலியா இல்லை. நேரிலை போய்ப் பாக்கேல்லையோ எண்டு அண்ணி கேப்பா. ரி.வி.யிலைதான் பக் வடிவாத் தெரியும், அரங்கிலை தூரத்திலையிருந்து என்னத்தைக் காணிறது? ஹொக்கிக்குப் பஞ்சாபியிலை நேர்முக வர்ணனை இருக்குது. தமிழிலை ஆரேன் துவங்கினால் அம்மாவுக்கும் விளங்கும்.

சனிக்கிழமை இரவு மேலை வீட்டுக்காரர் ஆக்கள் சேர்ந்து கத்துறது கீழை எனக்குக் கேக்கும். சொல் விளங்காது, சத்தம் மட்டும் வரும். அப்பிடியே எங்கட வாசிகசாலை விறாந்தைதான். அப்பாவும் குஞ்சியப்புவும் பேப்பரை விரிச்சு வைச்சுக்கொண்டு, ஊர் உதைபந்தாட்டக் கழகம் ஏன் தோத்ததெண்டு விளக்கு நூருமட்டும் பிடிக்கிற சண்டை. அப்பா ஒருக்காலும் கோலியைக் குறை சொன்னதில்லை. சில நேரம் மச் முடிஞ்ச பிறகும் நான் லைற்றை நூக்காமல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். பின்னேரம் இன்னொரு இடத்திலையும் வேலைக்குப் போறன், சும்மா இருந்தால் நித்திரை வராதெண்டு. உடம்புக்கு ஒண்டுமில்லை, யோசிக்கவேண்டாம்.

உங்கை மழை துவங்கியிருக்குமே? கிணத்துக்கட்டு வெடிச்சதெண்டு எழுதியிருந்தியள். மாரி முடியுமட்டும் வாளியைக் கீழ்ப்பக்கத்தாலை அள்ளச் சொல்லுங்கோ, பிள்ளையளை அங்கை விடவேண்டாம். கட்டுறதுக்குத் தைக்கு முதல் அனுப்பிவிடுறன். இந்த மாதம் அம்மாவின்ர கண் ஒப்பரேசன் காசு மட்டும் வரும். அதைப் பிந்தவிடவேண்டாம், ஒரு கண் முடிய மற்றதுக்கு டொக்டர் எத்தினை கிழமை சொல்லுறார் எண்டு கேட்டு எழுதுங்கோ.

கிழக்கு வேலி விசயம். அவையளோடை வாய் குடுக்கவேண்டாம். கதியால் எத்தினை அடி தள்ளிப் போட்டவை எண்டது பேச்சாலை முடியாது. அப்பாவின்ர பெட்டகத்திலை பழைய உறுதியோடை நில அளவைப் படம் ஒண்டு மடிச்சு இருக்குது, அதை எடுத்துக்கொண்டு அளவையாளரைக் கூட்டிக்கொண்டுவந்து, விதானையாரையும் வைச்சுக்கொண்டு கல்லுப் போடுவியுங்கோ. அவையளுக்கும் முன்கூட்டியே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ, பிறகு தெரியாதெண்டு சொல்லக்கூடாது. என்ரை பங்குக்கு நான் கையெழுத்து வைக்கவேணுமெண்டால் உங்கட பேருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி, இஞ்சை இலங்கைக் கொன்சல் அலுவலகத்திலை உறுதிப்படுத்தி அனுப்புறன். அதுக்கு உறுதி இலக்கமும், காணியின்ர நாலு எல்லையும், உங்கட அடையாள அட்டையிலை இருக்கிறமாதிரி முழுப்பேரும் வேணும். ஒரு எழுத்துப் பிழைச்சாலும் திருப்பி அனுப்புவினம். சின்னக்காவின்ர பங்கையும் அதிலையே சேர்க்கிறதோ, அவ தனிய எழுதுறாவோ எண்டு அத்தானிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. உறுதியின்ர போட்டோக்கொப்பியைப் பதிவுத்தபாலிலை போடுங்கோ. போனிலை படம் எடுத்து அனுப்பினால் முத்திரை தெளிவாத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி