ஸ்பொன்சர் பத்திரம் வீட்டு உறுதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

"நான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவள் என் வீட்டில் எப்படிப் பங்கு கேட்கலாம்?" என்று, பிரிந்த மனைவியைப் பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குடும்பம் உடைந்த வேதனையில் எழுதியிருக்கிறார். அந்த வேதனையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் இதே பேச்சை நம்பி வெறுங்கையோடு வெளியேறியவள் என் தங்கையின் மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் 2014இல் சாவகச்சேரியிலிருந்து கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வந்தாள். கணவர் திருமணத்துக்கு முன்பே வாங்கிய வீடு. வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும். அவர் பகல் வேலைக்குப் போக, இவள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தாள். அவருடைய சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போனது, இவளுடையது சாப்பாட்டுக்கும் பிள்ளைக்கும் கரைந்தது. 2020 யூனில் பிரிந்தபோது, "கடன் கட்டியது நான். உனக்கு இங்கே ஒரு கல்கூடச் சொந்தமில்லை" என்றார். அவள் நம்பினாள். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்த நாங்களும் நம்பினோம். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஸ்பொன்சர் என்பது அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு. துணைக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த நாளிலிருந்து 3 வருடம் அவரைப் பராமரிப்பேன், அவர் அரச உதவிப்பணம் எடுத்தால் நான் திருப்பிக் கட்டுவேன் என்று கையெழுத்திடுகிறோம். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. கூப்பிட்டவருக்கு இது பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொத்துக் கணக்கு வேறு. யார் யாரைக் கூப்பிட்டார் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் குடும்பச் சட்டத்தின்படி, பதிவுத் திருமணம் செய்தவர்கள் பிரியும்போது, மணநாளிலிருந்து பிரிந்த நாள்வரை ஒவ்வொருவருடைய சொத்தும் கடன் போக எவ்வளவு கூடியது என்று பார்க்கிறார்கள். கூடுதலாகச் சேர்த்தவர் வித்தியாசத்தில் பாதியைப் பணமாகக் கொடுக்க வேண்டும், வீடு தானாகக் கைமாறுவதில்லை. முன்பே இருந்த சொத்தைக் கழித்துக்கொள்ளலாம். பிரியும்போது குடும்பமாகக் குடியிருந்த வீட்டை மட்டும் அப்படிக் கழிக்க முடியாது. என் தங்கையின் மகளுக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு வரிதான். உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் தங்கும் உரிமை இருவருக்கும் சமம். அவளுடைய சம்மதமின்றி அவர் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. யாழ்ப்பாணத்துக் காணியும் கணக்கில் வரும். கடிதம் எழுதிய வாசகர் 5 வருடத்துக்குக் குறைவாகத்தான் சேர்ந்து வாழ்ந்தார் என்றால், பாதி கொடுப்பது பெரும் அநியாயமாகும் என்று நீதிமன்றத்தில் வாதிடவும் வழி இருக்கிறது.

"வழக்குப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றும் அவளைப் பயமுறுத்தினார்கள். புதிதாக மணம் முடித்து வந்தவர்கள் 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். உண்மையான திருமணத்தின் மூலம் வதிவிட உரிமை பெற்றவரை, பிரிந்துவிட்டார் என்பதற்காக மட்டும் அனுப்ப முடியாது. ஆனால் விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் பிரியும் முன்பே சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தது 2025 ஒக்டோபரில். பிரிந்து 6 வருடம், அல்லது விவாகரத்தாகி 2 வருடம், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் இந்தக் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டுமாம். எங்களுக்கு மிஞ்சியிருந்தது 8 மாதம். கணவர் முதலிலேயே விவாகரத்து எடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

ஆசிரியரே, குடும்பச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்தக் காலக்கெடுக்களைத் தமிழில் எழுதி வெளியிடுங்கள். திருமண மண்டப விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே போட்டாலும் சரி.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஸ்காபரோ