ரேகை தேய்ந்தால் முகம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இனி, ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்று பற்றிய பேச்சுதான். மத்திய அரசு ஓய்வூதியர்கள் அதைத் தர வேண்டிய மாதம் நவம்பர். 80 வயதைத் தொட்டவர்களுக்கு அக்டோபர் 1 முதலே.

முதுமையில் ரேகை தேய்வதால், சான்றுக்காகக் கைரேகை பதியும் கருவி பல நேரம் விரலை ஏற்பதில்லை. கைப்பேசியில் 'ஜீவன் பிரமாண்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' செயலிகள் இரண்டையும் நிறுவி முகத்தைக் காட்டலாம். முதுகுக்குப் பின்னே சன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும்; வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து கண்ணிமைக்க வேண்டும். ஒரே கைப்பேசியில் பலருக்கும் எடுக்கலாம் என்பதால், விவரம் தெரிந்த தோழர் நடமாட முடியாதவரின் வீட்டுக்கே போய்வருவது பேருதவி.

சான்று பதிவானதாகக் குறுஞ்செய்தி வந்ததோடு விடாதீர்கள். பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணை எண்) பிழையானால் வங்கி நிராகரிக்கும். சில நாள் கழித்து, சான்று ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். ஓ.டி.பி.யைக் குழுவில் பகிரவே கூடாது.

– ஓய்வூதியர், திருச்சி